ஞாயிறும் திங்களும்

ரெஸ்டோரன்ட் பூட்டுகிற நாட்கள்
ஞாயிறும் திங்களும்.
தேனிலவுக்கு எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்:
ஒரு சூரியன், ஒரு சந்திரன்.
செவ்வாய் காலை பத்து மணிக்கு
வாகீசன் வெங்காயம் உரிக்க வேண்டும்.

குளிர்பெட்டியில் இன்னும் கேக்கின் மேல்தட்டு,
நீலப் பூவோடு.
சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து
மூலைக்கொன்றாய்க் குத்துவிளக்கு வைத்தோம்.
பரிசாக வந்தவை மொத்தம் ஏழு.

ஆளுக்கோர் ஊர் சொன்னார்கள்.
பனிமலை உச்சிக்குப் போங்கோ என்றார் சூரிச் மாமா,
டிக்கெட் விலையைச் சொல்லாமல்.
ஐன்சீடல்ன் மாதாவைக் கும்பிட்டால்
பத்தாம் மாதம் பிள்ளை என்றா குணேஸ்வரி அக்கா.
பரிஸ், பரிஸ் என்றாள் தங்கை,
தனக்கு லாச்சப்பலில் இரண்டு சீலையும் வேணுமாம்.
கோமோ என்றானாம் இவனோடு கோப்பை கழுவும் இத்தாலியன்,
விரல்நுனியை முத்தமிட்டு.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினான் இவன்.

இவனுடைய பெர்மிட்டில் ஓர் எழுத்து.
அது ரயிலேறிப் பாசல் வரைக்கும் வரும்,
அதற்கப்பால் வராது.
பதினொரு வருடமாய்
'இப்போதைக்கு' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

என்னுடையது சிவப்புக் கடவுச்சீட்டு.
அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்தேன்,
அவன் கண்ணில் படாமல் இருக்க அல்ல,
என் கண்ணில் படாமல்.

முதல்நாள் இரவு அவன் குளிக்கப் போன நேரம்
கைபேசியில் திறந்து கிடந்த நீஸ் கடற்கரையை மூடினேன்.
பிறகு வெனிஸை.
தண்ணீர்ச் சத்தம் நின்றபோது
பார்சிலோனா மிச்சம்.
ஈரத்தலையோடு எட்டிப் பார்த்தான்.
"அங்கை சரியான வெயிலாம்,
உமக்குத் தலையிடிக்கும்."
எனக்குத் தலையிடி வந்ததே இல்லை.
"ஓம், நான் தாங்கமாட்டன்" என்றேன்.

வரைபடத்தில் அவன் விரல்
கிட்டக் கிட்ட வந்தது,
பேர்ன், தூண், முர்ட்டன்,
கடைசியில் எங்கள் பீல் வாவிக்குள்ளேயே இறங்கி
ஒரு பச்சைப் பொட்டில் நின்றது.
தீவு.
ரயிலில் வேலைக்குப் போகையில் தினமும் பார்ப்பது,
மேகத்தின் நிழல் என்றிருந்தேன்.
படகில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.
ஒரேயொரு ஹோட்டல், முன்னர் மடமாம்,
துறவிகள் படுத்த அறைகள்.
"அப்ப கட்டில் சின்னனாத்தான் இருக்கும்."
நல்லதுதானே என்று நான் சொல்லவில்லை.
குத்துவிளக்கைத் துடைக்கத் தொடங்கினேன்.

மூன்று மொய் என்வலப் பிரித்தோம், ஓரிரவுக்கு.

*

படகுக்காரன் என் கைகளைப் பார்த்தான்.
மருதோன்றி செம்பட்டையாய் வெளிறியிருந்தது.
டிக்கெட்டில் ஓட்டை போட்டுவிட்டு
இரண்டு மொழியிலும் வாழ்த்தினான்.

பின்னேரம் பளையிலிருந்து மாமியின் அழைப்பு.
"எங்கை மோனை நிக்கிறியள்?"
"ஒரு தீவிலை அம்மா."
"பிளேனிலையே போனது?"
என்னைப் பார்த்தான்.
"இல்லை. கப்பலிலை."
அந்தப் பக்கம் வேலிக்கு மேலால் அவ கத்துவது கேட்டது:
கப்பலிலை போயிருக்கினம்!

இரவு அக்கரையில்
திராட்சைத் தோட்டத்துக்குக் கீழே
கடைசி ரயில் போனது, யன்னல் யன்னலாக.
கட்டில் சின்னன்தான்.

திங்கள் காலை நடக்கப் போனோம்.
கரை முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை.
நாணலை இரண்டாய் வகிர்ந்துகொண்டு
ஒரு மண்பாதை, நேரே, நீள,
அந்தப் பக்கத்து ஊர் மட்டும்.
எப்போதோ தண்ணீரை வற்றவிட்டதில்
நிலம் எழும்பியதாம், பலகையில் எழுதியிருந்தது.

"இது தீவே இல்லையப்பா" என்றான்.
"நடந்தே வெளியாலை போகலாம்."

பாதையைப் பார்த்தபடி
கன நேரம் நின்றான்.
ஒரு கிழவர் சைக்கிளில் வந்தார், போனார்,
ஒருவரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

பிறகு சப்பாத்தைக் கழற்றினான்.
நானும்.
வாவிக்குள் கால் விட்டபடி
மிச்சக் கேக்கைத் தின்றோம், நீலப் பூவையும்.
பின்னால் பாதை கிடந்தது.
ஐந்து மணிப் படகு வரும்வரை
நாங்கள் போகவில்லை.